டொரன்டோ ஏரியில் 10 கிலோ சால்மன்... தூண்டில் நரம்பு வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்!

ஆகஸ்ட் கடைசி வாரம். இன்னும் விடியவில்லை. டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், ப்ளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ட்ரெய்லரில் ஒரு படகு. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதி இது. அதனால் இந்த மாதங்களில் கனடா சொந்தங்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரலாம். இரண்டு கைகளாலும் தூக்க முடியாமல் தூக்கிப் பிடித்த, வெள்ளி நிறத்தில் மின்னும் ஒரு மீன். கூடவே, ‘ஏரியில பிடிச்சது’ என்று ஒரு வரி.

ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிட வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரி முழுதாக நிரம்பினாலும் 24 அடிதான். ஒன்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர், அதாவது 800 அடி. பரப்பளவு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகளில் பரப்பில் மிகச் சிறியதே இதுதான்!

இவ்வளவு பெரிய தண்ணீரில் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் கோடைக்காலத்தில் சால்மன் கிடைப்பது கஷ்டம். அதனால் படகை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டே, பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்கிறார்கள். இதற்குப் பெயர் ட்ரோலிங். நம் கடற்கரையில் பேசப்படும் ‘ட்ராலிங்’ வேறு. அது அடிமடி வலையை இழுக்கும் விசைப்படகு. பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், தொழிலில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

புதிதாக ட்ரோலிங் பழக நினைப்பவர்கள் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த நரம்பு எத்தனை கிலோ தாங்கும்?’ கேள்வியில் தப்பில்லை. ஆனால், அது முதல் கேள்வி அல்ல. ஒன்டாரியோ ஏரியில் 10 கிலோ சினூக் சால்மனைப் பிடிக்க 20 பவுண்டு, அதாவது 9 கிலோ தாங்கும் நரம்பே போதும். மீன் இழுக்கும்போது கம்பு வளைந்து கொடுக்கும். ரீலில் உள்ள பிரேக், நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். மீனின் முழு பலமும் நரம்பில் விழாது.

முதலில் கேட்க வேண்டியது, ‘இது எத்தனை அடி ஆழத்துக்கு இறங்கும்?’

மேலே குளிக்கிற தண்ணீர், கீழே ஃப்ரிட்ஜ் தண்ணீர்!

கோடையில் இந்த ஏரியின் மேல்மட்டத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழந்தைகள் இறங்கி விளையாடலாம். ஆனால், அடியில் ஆண்டு முழுக்க 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில் என்பதால், குளிர்ந்த நீர் கீழேயே தங்கிவிடுகிறது. சூடான மேல் அடுக்குக்கும் குளிர்ந்த கீழ் அடுக்குக்கும் நடுவே, சில அடி ஆழத்துக்குள்ளேயே வெப்பநிலை சட்டென்று சரியும் ஒரு பட்டை உருவாகிறது. தெர்மோக்ளைன் என்பது இதைத்தான்.

சினூக் சால்மனுக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 13 டிகிரி. அது இந்தப் பட்டையை ஒட்டித்தான் சுற்றும். பட்டை இன்றைக்கு 50 அடியில் இருக்கலாம், நாளைக்கு 90 அடிக்கு இறங்கிவிடலாம். இரண்டு நாள்கள் காற்று பலமாக வீசி, கரையோரத்துச் சூடான நீரை நடு ஏரிக்குத் தள்ளிவிட்டால், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறிவரும். முந்தாநாள் குளித்த இடத்தில் கால் வைக்க முடியாது. மீனவர்களுக்கோ கொண்டாட்டம், சால்மன் கரைக்கு அருகிலேயே வந்துவிடும்!

ஆக, மீன் 70 அடியில் இருக்கும்போது 20 அடியில் தூண்டில் ஓடினால், அது தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எந்தக் கடையிலும் சுவர் முழுக்கத் தொங்கும் அத்தனை நரம்பு வகைகளும் இந்த ஒரு பிரச்னைக்குச் சொல்லப்படும் வெவ்வேறு பதில்கள்தான்.

மிதப்பது, மூழ்குவது, மறைவது

நைலான் நரம்பு, நம் ஊர் ‘தங்கூசி’, எல்லோருக்கும் தெரியும். விலை குறைவு, முடிச்சு எளிது. இழுத்தால் ரப்பர்போலக் கொஞ்சம் நீளும். கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அது இடைஞ்சல். ஓடும் படகில் அதுவே வரம். படகு ஒரு பக்கம் போக, மீன் கடித்துவிட்டு எதிர்ப்பக்கம் பாயும்போது, அந்த அதிர்ச்சியை நைலான் வாங்கிக்கொள்கிறது. முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது.

பின்னல் நரம்பு பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. அதே பலத்துக்கு நைலானைவிட மிகவும் மெலிது. கிட்டத்தட்ட நீளவே நீளாது. அதன் அடர்த்தி 0.97, தண்ணீரைவிடக் குறைவு. அதாவது தானாக மிதக்கும். ட்ரோலிங்கில் இதன் முக்கிய வேலை, ரீலின் அடியில் 200, 300 கெஜம் சுற்றி வைக்கும் ‘கையிருப்பு’. மெலிதாக இருப்பதால் இடத்தை அடைக்காது.

ஃப்ளூரோகார்பன் பார்வைக்கு நைலான் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அடர்த்தி 1.78, எனவே நன்றாக மூழ்கும். ஒளியை வளைக்கும் தன்மையில் நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமானது. அதனால் தண்ணீருக்குள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. விலை அதிகம் என்பதால் முழு ரீலுக்கும் யாரும் சுற்றுவதில்லை. கடைசி 15 முதல் 30 அடிக்கு மட்டும் இது.

இந்த மூன்றில் எதையும் அப்படியே இழுத்துக்கொண்டு போனால் 70 அடி ஆழத்துக்கு இறங்காது. அங்கேதான் உலோகம் வருகிறது.

ஈயமா, செம்பா?

‘லெட் கோர்’ என்பது மெல்லிய ஈயக் கம்பியின்மேல் நூல் உறை பின்னிய நரம்பு. 10 கெஜத்துக்கு, அதாவது 30 அடிக்கு ஒரு முறை உறையின் நிறம் மாறும். அதனால் மீனவர்கள் நீளத்தை அடியில் சொல்வதில்லை. ‘அஞ்சு கலர் விட்டேன், ஏழு கலர்ல கடிச்சது’ என்பதுதான் பேச்சு. மெதுவாக ஓடும் படகில் ஒரு கலருக்குச் சுமார் 5 அடி இறங்கும் என்பது பொதுவான கணக்கு. பத்து கலர் முழுக்க விட்டால் 50 அடி. வேகம் கூடினால் ஆழம் குறையும்.

செம்பு நரம்பு, பல மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கியது. அதிகம் விற்கும் 45 பவுண்டு வகையில் 100 அடிக்குச் சுமார் 22 அடி இறங்கும். 300 அடி விட்டால் 65 அடியை நெருங்கிவிடலாம். உலோகமாகப் பார்த்தால் ஈயம்தான் செம்பைவிடக் கனம். ஆனால் லெட் கோரில் ஈயம் ஓர் இழை மட்டுமே. தடித்த நூல் உறை தண்ணீரில் உரசி அதை மேலே தூக்குகிறது. அதனால் கனம் குறைந்த செம்பு ஜெயிக்கிறது.

செம்புக்கு இன்னொரு குணம்: கொஞ்சமும் நீளாது. 300 அடி தள்ளி ஸ்பூன் தூண்டில் தண்ணீரில் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பும் கம்பு நுனியில் தெரியும். முள்ளில் பாசி மாட்டியிருந்தால்கூடத் துடிப்பு நின்றுபோவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் செம்பைக் கையாளப் பொறுமை வேண்டும். தளர்வாக விட்டுவிட்டால் ரீலில் சுருண்டு மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் பலம் போச்சு. அடுத்த பெரிய மீன் அங்கேதான் அறுத்துக்கொண்டு போகும். இதைச் சுற்றி வைக்கப் பெரிய ரீல் வேண்டும், பெரிய ரீலைத் தாங்கக் கனத்த கம்பு வேண்டும். செலவு சங்கிலிபோல நீளும்.

ஈயமோ செம்போ, உலோக நரம்பு வெளியே இருக்கும்போது படகை நிறுத்தவே கூடாது. மீன் மாட்டிய பரபரப்பில் இன்ஜினை அணைத்தால், மற்றக் கம்புகளின் நரம்பெல்லாம் அப்படியே அடிக்கு இறங்கிப் பின்னிக்கொள்ளும். அதன் பிறகு அன்றைய காலைப் பொழுது சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

குண்டைக் கட்டி இறக்கும் வித்தை

நரம்பையே கனமாக்குவதற்குப் பதிலாக, கனத்தைத் தனியாக இறக்கினால் என்ன? டவுன்ரிகர் பிறந்தது இந்த யோசனையில்தான். படகின் ஓரத்தில் ஒரு சிறிய கப்பி. அதிலிருந்து உறுதியான கம்பியில் 10 அல்லது 12 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டு இறங்கும். குண்டின் பக்கத்தில் ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் செருகி, குண்டோடு சேர்த்துக் கீழே இறக்க வேண்டியதுதான். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் விட்டுவிடும். அதன்பின் மீனுக்கும் மனிதருக்கும் நடுவே குண்டு இல்லை, ஈயம் இல்லை, வெறும் 20 பவுண்டு நைலான் மட்டும்தான்.

ஆழத்தைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க இதற்கு இணையே கிடையாது. மீட்டரில் 80 என்று வைத்தால் 80க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ‘பக்கத்தில்’தான். படகு ஓடும்போது கம்பி பின்னோக்கிச் சாயும் என்பதால், உண்மையான ஆழம் மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். கனமான குண்டு குறைவாகச் சாயும். 12 பவுண்டு குண்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது வழி, ‘டைவர்’ எனப்படும் பிளாஸ்டிக் தட்டு. காற்றாடிக்கு நேரெதிர் வேலை இதற்கு: இழுக்க இழுக்கக் கீழே இறங்கும். அடியில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி வைத்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியும் ஓடும். மூன்றில் விலை குறைந்தது இதுதான். ஆனால் இழுவை அதிகம் என்பதால், கம்பு பலமாக இருக்க வேண்டும்.

கழுதையும் இல்லை, கங்கையும் இல்லை... மத்தியின் சொந்தக்காரர்!

இவ்வளவு ஆராய்ச்சிக்குக் காரணமான சினூக், கோஹோ சால்மன்கள் இந்த ஏரிகளின் மீன்களே அல்ல. பசிபிக் கடலின் பிள்ளைகள். ஒன்டாரியோ ஏரியின் சொந்தச் சால்மனான அட்லான்டிக் சால்மன், ஆறுகளில் கட்டப்பட்ட அணைகள், காடழிப்பு, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஆகியவற்றால் 19-ம் நூற்றாண்டின் முடிவிலேயே அற்றுப்போய்விட்டது.

20-ம் நூற்றாண்டின் நடுவில் பெரிய ஏரிகளில் எய்ல்வைஃப் என்ற சிறு மீன் பெருகியது. நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். தின்ன ஆளில்லாமல் பல்கிப் பெருகி, 1967-ல் மிச்சிகன் ஏரிக் கரையில் மலைமலையாகச் செத்து ஒதுங்கியது. சிகாகோ கடற்கரையில் நாற்றம் தாங்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே மிச்சிகன் மாநில மீன்வள அதிகாரி ஹோவர்ட் டேனர் ஒரு பதிலோடு தயாராக இருந்தார். 1966 ஏப்ரல் 2-ம் தேதி, ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த கோஹோ சால்மன் குஞ்சுகள் பிளாட் ஆற்றில் விடப்பட்டன. அடுத்த ஆண்டு சினூக். சில ஆண்டுகளில் ஒன்டாரியோ ஏரிக்கும் இரண்டும் வந்து சேர்ந்தன. எய்ல்வைஃபைத் தின்று கொழுத்தன. 1991-ல் நியூயார்க் மாநிலத்தின் சால்மன் ஆற்றில் பிடிபட்ட சினூக்கின் எடை 47 பவுண்டு 13 அவுன்ஸ். சுமார் 21.7 கிலோ!

இந்தச் சாப்பாட்டுச் சங்கிலி எவ்வளவு மெலிது என்பதைப் பக்கத்து ஏரி காட்டியது. 2003-04 வாக்கில் ஹியூரான் ஏரியில் எய்ல்வைஃப் சரிந்தது. அதை நம்பியிருந்த சினூக்கும் பின்னாலேயே சரிந்தது. மீன்பிடிப் படகுகளை நம்பியிருந்த கரையோரச் சிற்றூர்களின் வருமானமும் கூடவே போனது.

ஏரி மாறியது, நரம்பும் மாறியது

1980-களின் கடைசியில் கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்த வரிக்குதிரைச் சிப்பியும் குவாகா சிப்பியும் பெரிய ஏரிகளில் பரவின. கறுப்புக்கடல் பகுதியிலிருந்து வந்த இந்தச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டி, மிதக்கும் நுண்பாசியைத் தின்பவை. விளைவு, ஏரி கண்ணாடிபோலத் தெளிந்தது. பார்க்க அழகு. ஆனால் குட்டி மீன்களுக்கான சாப்பாடு போய்விட்டது. தூண்டில்காரருக்கு வேறு தலைவலி: மீனுக்கு இப்போது எல்லாமே தெரிகிறது. படகு, குண்டு, நரம்பு எல்லாம். ஃப்ளூரோகார்பனுக்கு வந்த மவுசுக்கு ஒரு காரணம் இதுதான். வெயில் நாள்களில் குண்டுக்கும் தூண்டிலுக்கும் நடுவே விடும் இடைவெளியை அதிகமாக்குவதும் இதனால்தான்.

அடுத்த விருந்தாளி, முள் வால் கொண்ட நீர்த்தெள்ளு. அரை அங்குலத்தை ஒட்டிய அளவே உள்ள இந்த உயிரிகள், கோடையின் நடுவில் கோடிக்கணக்கில் பெருகும். மெலிதான நரம்பு எதுவாக இருந்தாலும் வாலில் உள்ள முள்ளால் மாட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சுபோலத் திரளும். அந்தத் திரள் கம்பு நுனியில் உள்ள வளையத்தில் அடைத்துக்கொண்டால் நரம்பைச் சுற்றவே முடியாது. மீன் படகுக்கு 20 அடி தூரத்தில் இருக்கும், ரீல் நகராது! பின்னல் நரம்பில் இந்தத் தொல்லை மிக மோசம். அதனால் ஜூலை, ஆகஸ்டில் டவுன்ரிகர் கம்புகளில் 30 பவுண்டு தடித்த நைலானுக்கு மாறிவிடுகிறார்கள். பலத்துக்காக அல்ல, தடிமனுக்காக. தெள்ளு பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கிவிடும். ‘மெலிதான நரம்பே சிறந்தது’ என்று யூடியூபில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வேகம்: திரும்பும்போது கவனியுங்கள்

மணிக்கு மூன்றரை முதல் நாலரை கிலோமீட்டர். சினூக்குக்கு இந்த வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ஜி.பி.எஸ் காட்டுவது மேலே படகின் வேகம். 80 அடிக்குக் கீழே நீரோட்டம் எதிர்த்திசையில் இருந்தால் ஸ்பூன் வேறு வேகத்தில் ஓடும். இதை அளக்கக் கருவி உண்டு, விலையும் உண்டு. காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. படகைத் திருப்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகவும் உள்பக்கத் தூண்டில் மெதுவாகவும் ஓடும். திரும்பும்போதெல்லாம் வெளிப்பக்கமே கடித்தால், வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உள்பக்கம் கடித்தால் குறைக்க வேண்டும்.

தூண்டிலில் மாட்டும் இரையைப் பொறுத்தவரை, ஸ்பூன் தவிர, சுழலும் தகடும் அதன் பின்னால் மினுமினுக்கும் இழைக் குஞ்சமும் கொண்ட ஜோடி இங்கே பிரபலம். சிவப்பு நிறம் ஆழத்தில் முதலில் மறைந்துவிடும் என்பதால் பச்சை, நீலம், வெள்ளை. விடியலுக்கு முன் இருட்டில் ஒளிரும் பூச்சு. சுழலும் தகட்டுக்கு பால்-பேரிங் சுழலி கட்டாயம், இல்லையென்றால் நரம்பு முறுக்கிக்கொண்டு நாசமாகும்.

முதன்முறை என்ன வாங்கலாம்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கினால் பர்ஸ் காலி. கையால் சுற்றும் டவுன்ரிகர் ஒன்று, ஒரு டைவர், இரண்டு கம்புகள். டவுன்ரிகர் கம்புக்கு 20 பவுண்டு நைலான், கோடையில் அதையே 30 ஆக மாற்றிக்கொள்ளலாம். இதற்குமேல் மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஐந்து கலர் லெட் கோர். செம்பு, ஒரு முழு சீசன் பழகிய பிறகு போதும். ரீலில் எத்தனை அடி வெளியே போனது என்று காட்டும் மீட்டர் இருந்தாக வேண்டும்; கடித்த ஆழத்துக்கே தூண்டிலைத் திரும்ப அனுப்ப வேறு வழியில்லை. வசந்தகாலத்தில், ஏப்ரல், மே மாதங்களில் மீன்கள் கரையோரம் மேல்மட்டத்திலேயே இருக்கும். அப்போது வெறும் நைலானே போதும்.

அறுந்த நரம்பை ஏரியில் விடாதீர்கள். பறவைகளின் காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொள்ளும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாண்ட்விச்சைத் தொட வேண்டாம். குழந்தைகள் படகில் இருந்தால் குண்டை அவர்களிடம் விளையாடக் கொடுக்கவே கூடாது.

ஒன்டாரியோ மாகாணத்தில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவை. மோட்டார் படகு ஓட்டத் தனி அட்டை வேண்டும். ஏரியின் நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது; கனடா உரிமம் அமெரிக்கப் பக்கத்தில் செல்லாது. ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்ற விதியும் இரு கரைகளிலும் வேறு வேறு.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு பழைய சம்பவம். 1967 செப்டம்பர் 23. சால்மன் மோகம் உச்சத்தில் இருந்த நேரம். மிச்சிகன் ஏரியின் பிளாட் விரிகுடாப் பகுதியில் நூற்றுக்கணக்கான சின்னப் படகுகள். புயல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும், மீன் கடித்துக்கொண்டிருந்ததால் பலர் திரும்பவில்லை. அலைகள் படகுகளைக் கவிழ்த்தன. ஏழு பேர் இறந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு...

இந்த ஏரிகளின் பெரிய மீன்களில் பாதரசமும், பழைய தொழிற்சாலைக் கழிவான பி.சி.பி ரசாயனமும் சேர்ந்திருக்கும். பி.சி.பி தங்குவது கொழுப்பில். அதனால் தோலை உரித்து, வயிற்றுப் பகுதிக் கொழுப்பையும் முதுகோரக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட்டு, கொழுப்பு வடியும்படி கிரில்லில் சுடச் சொல்கிறார்கள். தலையும் தோலுமாகப் போட்டுக் குழம்பு வைத்தால் வடிய வேண்டிய கொழுப்பு குழம்பிலேயே தங்கிவிடும் என்பதை நம் வீட்டுச் சமையலறைகள் குறித்துக்கொள்ளலாம். பாதரசம் சதையிலேயே இருப்பதால் எப்படிச் சமைத்தாலும் போகாது. ஒன்டாரியோ அரசு, எந்த ஏரியில், எந்த மீனை, எந்த நீளத்தில் பிடித்தால் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி எண். பொதுவாக மீனின் நீளம் கூடக் கூட அந்த எண் குறையும். அதனால் தூண்டில் பெட்டியில், இடுக்கிக்கும் கத்தரிக்கும் பக்கத்தில், ஓர் அளவு நாடாவுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.